அரசு அலுவலகத்தின் திறன் யார் கையில்?

2003ஆம் ஆண்டு இந்தியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஓர் ஆய்வுக் குழு முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தது. நான்கு ஆசிரியர்களில் ஒருவர் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். வராதவர்களின் பங்கு மகாராஷ்டிரத்தில் 15 விழுக்காட்டை ஒட்டியிருந்தது, ஜார்க்கண்டில் 42, தமிழ்நாட்டில் 21. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நூற்றுக்கு நாற்பது பணியாளர்கள் இடத்தில் இல்லை. மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் முதலான பொருளியலாளர்கள் வெளியிட்ட இந்த எண்கள் உலகெங்கும் மேற்கோளாயின. கவர்மென்ட் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்ற தெருமுனைப் பேச்சுக்குப் புள்ளிவிவரம் கிடைத்துவிட்டது.

2017இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்தது. அங்கே இல்லாத ஆசிரியர்கள் 18.5 விழுக்காடு. ஏன் இல்லை என்ற கேள்வியையும் அந்த ஆய்வு விடாமல் கேட்டது. இல்லாதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை அரசே வேறு பணிக்கு அனுப்பியிருந்தது. மற்றவர்களில் பெரும்பகுதியினர் முறையான விடுப்பில் இருந்தார்கள். காரணம் ஏதுமின்றி வராதவர்கள் மொத்த ஆசிரியர்களில் 2.5 விழுக்காடுதான்.

காரணங்களை இரண்டு ஆய்வுகளும் ஒரே விதமாக எடைபோடவில்லை. அவை ஒன்றையொன்று பொய்யாக்கவும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஆசிரியர் எதனால் வரவில்லை என்பது முக்கியமல்ல, வரவில்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய வேண்டிய அரசுக்கோ எல்லாமே அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. ஊழியர் சோம்பேறி என்றால் ஒரு மருந்து. ஊழியரை ஐந்து வேலைக்கு அலைக்கழிக்கிறோம் என்றால் வேறு மருந்து. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்வி பற்றி உலகில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: அரசு அமைப்பின் திறனில் ஊழியரின் பங்கு மிகப் பெரியது. ஆனால் அந்தப் பங்கு நல்லதாக அமையுமா கெட்டதாக அமையுமா என்பதை, அவரைத் தேர்ந்தெடுத்த முறை, அவர்மேல் ஏற்றிய சுமை, அவருக்கு விட்ட சுதந்திரம் ஆகியவற்றின் வழியாக அரசேதான் பெருமளவு தீர்மானிக்கிறது.

தனி மனிதரால் அவ்வளவு வேறுபாடு உண்டாகுமா? உண்டாகும். ரஷ்ய அரசு அலுவலகங்கள் கொள்முதல் செய்த பொருள்களின் விலைகளை மைக்கேல் பெஸ்ட்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். ஒரே பொருளுக்கு ஒரு அலுவலகம் ஒரு விலையும் இன்னொன்று வேறு விலையும் கொடுக்கிறது. இந்த விலை வேறுபாட்டில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டை, வாங்கியவர் யார், எந்த அலுவலகத்தில் இருந்து வாங்கினார் என்பதைக் கொண்டே விளக்கிவிடலாம். சட்டம் ஒன்று, விதிகள் ஒன்று. ஆள் மாறினால் விலை மாறுகிறது.

இதற்கு நேரெதிரே வைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வு மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிறது. ஜிஷ்ணு தாசும் அவர் குழுவினரும் நோயாளிகளைப் போல நடிக்கப் பயிற்றுவித்த ஆட்களை மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அரசு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகவும் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்கள் அங்கே பலர். அதே மருத்துவர், அதே நோய், அதே படிப்பு. சொந்த கிளினிக்கில் அவர் நோயாளியுடன் கூடுதல் நேரம் செலவிட்டார், கூடுதல் கேள்விகள் கேட்டார், சரியான மருந்தை அதிகமாக எழுதினார். அவருக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதற்கும் அவர் செய்தது எவ்வளவு என்பதற்கும் இடையிலான பள்ளம் அரசுக் கட்டடத்தில்தான் ஆழமாக இருந்தது. ஆள் முக்கியம் என்கிறது முதல் ஆய்வு. அதே ஆளை அவர் இருக்கும் இடம் மாற்றிவிடுகிறது என்கிறது இரண்டாவது. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய விவாதங்களில் பெரும்பாலும் ஒன்று தொலைந்துவிடுகிறது.

ஆள் எடுப்பதிலிருந்து தொடங்கலாம். சிபாரிசுக்குப் பதில் தேர்வு என்ற கொள்கை பிரிட்டனில் 1854ஆம் ஆண்டின் நார்த்கோட்–டிரெவெல்யான் அறிக்கையோடு வேர்விட்டது. அமெரிக்காவில் வேலை கிடைக்காத ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகு 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களில் முதல் பணியாளர் தேர்வாணையம் 1929இல் சென்னையில் அமைந்தது. சிபாரிசு ஏன் கெடுதல் என்பதற்குப் பிரிட்டிஷ் பேரரசின் பழைய ஆவணங்களே சான்று. குடியேற்ற நாடுகளின் ஆளுநர்களை ஆராய்ந்த குவோ ஷூ, லண்டனில் அமைச்சரோடு உறவோ பழக்கமோ உள்ளவர்கள் சம்பளம் கூடுதலான நாடுகளைப் பெற்றார்கள் என்றும், அந்தத் தொடர்பு இருந்த காலத்தில் அவர்கள் வரி திரட்டுவதிலும் மற்றதிலும் மோசமாகச் செயல்பட்டார்கள் என்றும் காட்டினார்.

தேர்வு வைத்தால் மட்டும் நல்லவர்கள் வந்துவிடுவார்களா? பெங்களூரில் கல்லூரி மாணவர்களிடம் ரெமா ஹன்னாவும் ஷிங்-யி வாங்கும் தாயக்கட்டை உருட்டச் சொன்னார்கள். விழுந்த எண்ணைத் தாங்களே சொல்லிப் பணம் வாங்கிக்கொள்ளலாம். ஏமாற்றியவர்களே அரசு வேலையை அதிகம் விரும்பினார்கள். இதே சோதனையை டென்மார்க்கில் செய்தபோது முடிவு தலைகீழாயிற்று: அங்கே நேர்மையானவர்களே அரசு வேலையை நாடினார்கள். இந்தியர் குணம், டேனியர் குணம் என்று இதைப் படிப்பது பெரும் தவறு. லஞ்சம் உண்டு என்று பெயரெடுத்த வேலைக்கு லஞ்சத்தை விரும்புபவர்கள் வருவார்கள். நேர்மைக்குப் பெயரெடுத்த வேலைக்கு வேறு வகையினர் வருவார்கள். ஓர் அலுவலகத்தின் இன்றைய பெயர் அதன் நாளைய ஊழியரைத் தேர்ந்தெடுக்கிறது.

இந்த இடத்தில் இடஒதுக்கீடு பற்றிச் சொல்லியாக வேண்டும். தகுதி குறைகிறது, அதனால் நிர்வாகம் கெடுகிறது என்ற வாதத்தை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதை எண்களால் சோதித்தவர்கள் அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும். இந்திய ரயில்வேயின் பல ஆண்டுக் கணக்கை எடுத்து, பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களின் பங்கு கூடிய இடங்களில் உற்பத்தித் திறன் குறைந்ததா என்று பார்த்தார்கள். குறையவில்லை. உயர் பதவிகளில் அவர்கள் பங்கு கூடியபோது சில அளவுகளில் திறன் ஏறவும் செய்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை வைத்து, நூறு நாள் வேலைத் திட்டச் செயல்பாட்டை அளவுகோலாகக் கொண்டு ரிகில் பாவ்னானியும் அலெக்சாண்டர் லீயும் செய்த ஆய்வும் இடஒதுக்கீட்டில் வந்தவர்கள் சோடை போகவில்லை என்றே சொல்கிறது. இவ்வளவு தெளிவான முடிவுகள் நம் மேடைகளில் ஏறவேயில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆள் எடுப்பது பற்றி நான் படித்ததிலேயே மிக நிறைவானது பிரேசிலின் வடகிழக்கில் உள்ள சியாரா என்ற வறண்ட, ஏழை மாநிலத்தின் கதை. ஜூடித் டெண்ட்லர் 1997இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எழுதினார். 1987இல் வறட்சி நிவாரண வேலையாகத் தொடங்கிய திட்டத்தில், குறைந்தபட்சக் கூலிக்கு ஏறத்தாழ 7,300 சுகாதாரப் பணியாளர்களை அந்த மாநிலம் அமர்த்தியது. பெரும்பாலோர் பெண்கள், சொந்த ஊரிலேயே வேலை. அதுவரை உள்ளூர் மேயர்கள் தங்கள் ஆட்களுக்கு வேலை கொடுப்பதே வழக்கம். இந்தத் திட்டத்தில் மாநில அரசே நேரில் வந்து ஊரறிய நேர்முகத் தேர்வு நடத்தியது. தேர்வானவர் ஊரிலேயே குடியிருக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும், தேர்தலில் யாருக்கும் ஓட்டு கேட்கக் கூடாது என்ற விதிகளை எல்லோர் முன்னிலையிலும் சொன்னது. வேலை கிடைக்காமல் போனவர்களிடம், எடுக்கப்பட்டவர்கள் இந்த விதிகளின்படி நடக்கிறார்களா என்று கவனித்துச் சொல்லுங்கள் என்றது. கண்காணிக்கும் வேலையை, அதில் மிகுந்த அக்கறை உள்ளவர்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் தட்டம்மை, போலியோ தடுப்பூசி போட்ட குழந்தைகளின் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 90க்கு உயர்ந்தது. ஆயிரத்துக்கு 102 ஆக இருந்த சிசு மரணம் 65 ஆயிற்று. அந்தப் பெண்கள் வெள்ளைச் சீருடையோடு வீடுவீடாகப் போனார்கள். ஊர் அவர்களை மதித்தது. அந்த மதிப்புக்காகவே சொன்ன வேலைக்கு மேலும் செய்தார்கள் என்கிறார் டெண்ட்லர். பொதுநிர்வாக இயலில் ஜேம்ஸ் பெர்ரியும் லோயிஸ் வைஸும் 1990இலேயே பேசிய பொதுச்சேவை உந்துதல் என்பது பிறவிக் குணம் மட்டுமல்ல, ஊர் தரும் மரியாதையில் வளரக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

சம்பளத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இந்தோனேசியா 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சான்று பெற்ற ஆசிரியர்களின் ஊதியத்தை இரட்டிப்பாக்கியது. ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள், கடன் தொல்லை குறைந்தது, பக்க வேலைகளைக் குறைத்தார்கள். மாணவர்களின் கற்றல் அசையவே இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் சம்பளத்தை நிபந்தனையின்றி உயர்த்துவதால் வேலை மாறாது. ஆனால் மெக்சிகோவில் புதிதாக ஆள் எடுக்கும்போது கூடுதல் சம்பளம் அறிவித்தபோது, திறமையும் சேவை மனமும் கூடியவர்கள் விண்ணப்பித்தார்கள். சாம்பியாவில் சுகாதாரப் பணிக்கான விளம்பரத்தில் பதவி உயர்வு வாய்ப்பைச் சொன்ன ஊர்களில் வந்து சேர்ந்தவர்கள், ஊருக்குச் சேவை செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி எடுத்தவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக வீடுகளுக்குப் போனார்கள். வளர வழியிருக்கும் வேலை என்று தெரிந்தால், வளர விரும்புபவர் வருகிறார். நம் ஊரில் முதல் நாள் சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெறும் கடைநிலை ஊழியர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

அரசுகளுக்கு மிகப் பிடித்த மருந்து கண்காணிப்பு. ஓர் அரசாணை போட்டுக் கருவி வாங்கிவிடலாம். நடவடிக்கை எடுத்ததுபோலத் தெரியும். ராஜஸ்தானில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தின் சிறுபள்ளிகளில் ஆசிரியர் தினமும் கேமராவில் படம் எடுத்து, வந்த நாள்களுக்கு ஏற்பச் சம்பளம் பெற்றபோது, வராமை பாதியாகக் குறைந்தது, பிள்ளைகளும் கூடுதலாகப் படித்தார்கள். அதே பகுதியில் அரசு செவிலியர்களிடம் அதுபோன்ற கண்காணிப்பைச் செய்தபோது முதல் சில மாதங்கள் வருகை ஏறியது. பிறகு உள்ளூர் சுகாதார நிர்வாகமே விலக்கு நாள்களைத் தாராளமாக வழங்கத் தொடங்கியது. ஒன்றரை ஆண்டுக்குள் கண்காணிப்பு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வேறுபாடு மறைந்துவிட்டது. கர்நாடகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைரேகைக் கருவி வைத்தபோது செவிலியரும் மருந்தாளுநரும் கூடுதலாக வந்தார்கள், பிறந்த குழந்தைகளின் எடைகூட முன்னேறியது. மருத்துவர்கள் வருகை மாறவில்லை. வராதவர்மீது விதியைச் செலுத்த அரசே தயங்கியது, ஏனென்றால் மருத்துவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காது. கருவி எல்லோருக்கும் ஒன்றுதான். கடைநிலையில் அது கடித்தது, மேல்நிலையில் கடிக்கவில்லை.

கண்காணிப்பு கெடுதலும் செய்யும். நைஜீரிய அரசின் 4,700 திட்டங்களை இம்ரான் ரசூலும் டேனியல் ரோகரும் ஆராய்ந்தார்கள். அதிகாரிகளுக்குச் சுயமாக முடிவெடுக்கும் வாய்ப்பு கூடிய துறைகளில் திட்டங்கள் அதிகம் முடிந்தன. கெடுபிடியும் கண்காணிப்பும் கூடிய துறைகளில் குறைவாகவே முடிந்தன. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் அலுவலகக் கொள்முதல் அதிகாரிகளுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தணிக்கைக்காரர் பில்களை இழுத்தடிக்கும் இடங்களிலேயே பலன் அதிகம். மொத்தத்தில் தரம் குறையாமல் விலை 9 விழுக்காடு இறங்கியது. ஊழியரைத் திருடர் என்று கருதி அவர்மேல் ஏற்றி வைத்த காவலர், செலவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டு அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தணிக்கை ஆட்சேபணை, 17-பி குற்றச்சாட்டு மெமோ என்ற இரண்டு அச்சங்கள் எத்தனையோ நல்ல கோப்புகளை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கின்றன. கையெழுத்துப் போட்டு ஏதாவது தவறினால் ஓய்வூதியம் நிற்கும். போடாமல் தாமதித்தால் யாரும் கேட்கப் போவதில்லை. இப்படியொரு தராசை வைத்துவிட்டு, ஏன் முடிவெடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்பது நியாயமில்லை. கண்காணிப்பில் எனக்கு நம்பிக்கை தருவது தெலங்கானாவில் விவசாயிகளுக்குப் பணம் வழங்கிய ரைத்து பந்து திட்டத்தில் 2018இல் நடந்தது. விவசாயிகளைத் தொலைபேசியில் அழைத்துக் காசோலை வந்ததா என்று கேட்கப் போகிறோம் என்று வேளாண் அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொன்னார்கள். பட்டுவாடா சிறிதளவு மேம்பட்டது. செலவு மிகமிகச் சொற்பம். ஊழியர் எங்கே இருக்கிறார் என்று பார்க்காமல், பயனாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்ட கண்காணிப்பு அது.

இவ்வளவு பேசிய பிறகும் மிக எளிய கேள்வி மிச்சம் இருக்கிறது. வேலைக்குப் போதுமான ஆள் இருக்கிறார்களா? அரசு ஊழியர்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்பது நம் நடுத்தர வர்க்கத்தின் உறுதியான நம்பிக்கை. மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் இந்தியாவின் அரசு ஊழியர் எண்ணிக்கை அமெரிக்காவைவிட மிகக் குறைவு. அதிலும் மக்களை நேரில் சந்திக்கும் படியில்தான் பஞ்சம். ஆதித்ய தாஸ்குப்தாவும் தேவேஷ் கபூரும் நாடெங்கும் பி.டி.ஓ. எனப்படும் வட்டார வளர்ச்சி அலுவலர்களை ஆராய்ந்து, ஒரு பி.டி.ஓ. அலுவலகத்தில் குவியும் திட்டங்களுக்கும் அங்கே இருக்கும் ஆட்களுக்கும் பொருத்தமே இல்லை என்றும், ஆளும் வளமும் கூடிய வட்டாரங்களில் நூறு நாள் வேலைத் திட்டம் நன்றாக நடந்தது என்றும் எழுதினார்கள்.

இதற்கு மிக நேரடியான சான்று தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் கிடைத்தது. ஓர் அங்கன்வாடியில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். சத்துமாவு கொடுப்பது, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போவது, பதிவேடுகள் எழுதுவது, இவற்றுக்கு நடுவே மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தருவது, எல்லாம் அந்தப் பணியாளர் தலையில். முரளிதரனும் அலெஹாந்திரோ கனிமியனும் கிறிஸ்டபர் வால்டர்சும் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து, குலுக்கலில் வந்த மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று பகுதிநேரப் பணியாளர் ஒருவரைச் சேர்த்தார்கள். கண்காணிப்பு கூட்டவில்லை, மெமோ கொடுக்கவில்லை, ஊக்கத்தொகை இல்லை. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாயிற்று. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் கணக்கும் மொழியும் கண்கூடாக உயர்ந்தன. பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்துப் பணியும் சீரடைந்து, வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பங்கும் குறைந்தது. நாளை இந்தக் குழந்தைகள் ஈட்டப்போகும் வருமானத்தைக் கணக்கிட்டால் செலவைப் போல 13 முதல் 21 மடங்கு பலன் என்பது அவர்களின் மதிப்பீடு. அந்தப் பணியாளர்கள் அதுவரை சோம்பேறிகளாக இருந்து திடீரென்று திருந்திவிடவில்லை. ஒருவர் செய்ய முடியாத வேலையை ஒருவரிடம் கொடுத்திருந்தோம்.

தொகுப்பூதியத்தில் குறைந்த செலவில் ஆள் எடுத்துப் பற்றாக்குறையைத் தீர்த்துவிடலாம் என்று அரசுகள் நினைக்கின்றன. ஆந்திரத்தில் ஒப்பந்த ஆசிரியர் கூடுதலாக வந்த பள்ளிகளில் பிள்ளைகள் நன்றாகவே கற்றார்கள். ஆனால் கென்யாவில் அதையே தொண்டு நிறுவனம் நடத்தியபோது பலன் தெரிந்தது, அரசு நடத்தியபோது சுழியம். சம்பளம் தாமதமானது, மேற்பார்வை இல்லை, ஒப்பந்தக்காரர்கள் நிரந்தரமாவோம் என்று காத்திருந்தார்கள். பணியிடங்களை நிரப்பாமல் வைப்பதற்கும் விலை உண்டு. தமிழ்நாடு 2001 முதல் 2006 வரை புதிய நியமனங்களைப் பெருமளவு நிறுத்தியது. அந்த ஆண்டுகளில் பட்டதாரி இளைஞர்கள் வேறு வேலைக்குப் போகாமல் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டே காத்திருந்ததைக் குணால் மங்கல் காட்டியிருக்கிறார். 2022இல் 7,301 இடங்களுக்கான குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்த மாநிலம் இது.

ஆள் போதுமான அளவு இருந்தாலும் நிலைத்திருக்க வேண்டும். லட்சுமி ஐயரும் அனந்தி மணியும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் பணிக்குறிப்புகளை ஆராய்ந்தபோது ஒரு பதவியில் சராசரியாகப் பதினாறு மாதங்களே இருந்தார்கள். முதலமைச்சர் மாறினால் இடமாற்றங்கள் எகிறின. 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்றது. அதைக் கடைப்பிடிப்பதை மாநிலங்கள் இன்னும் தள்ளிப்போடுகின்றன. மேலதிகாரி எப்படிப் பேசுகிறார் என்பதும் சேர்கிறது. இமாசலப் பிரதேசத்தையும் உத்தரப் பிரதேசத்தையும் ஒப்பிட்ட அக்‌ஷய் மங்களா, ஒரே சட்டத்தின்கீழ் இமாசலக் கல்வித் துறை ஊர்க்காரர்களோடும் கீழ்நிலை ஊழியரோடும் கலந்து பேசி விதியை வளைத்துப் பள்ளியை நடத்தியதையும், உத்தரப் பிரதேசத் துறை விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு பள்ளியைக் கோட்டைவிட்டதையும் விவரிக்கிறார்.

ஆள், எண்ணிக்கை, நிலைப்பு, அதிகாரம் ஆகிய நான்கும் ஒருங்கே கூடிய இடம் ஒன்றை நாம் நெடுங்காலமாகப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். 1939ஆம் ஆண்டு சென்னை பொது சுகாதாரச் சட்டத்தின் வழியில், தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககமும் அதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவ அதிகாரிகளின் தனிப் பணிப்பிரிவும் இருக்கின்றன. மோனிகா தாஸ்குப்தாவும் சகாக்களும் 2010இல் எழுதியதுபோல, அந்த அதிகாரிகள் மருத்துவமனைகளில் தொலைந்துபோகாமல் தங்கள் வாழ்நாள் வேலையாகக் குடிநீர், தடுப்பூசி, கொள்ளைநோய் என்று பார்த்து மேலே வருகிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரை முகாம்களில் கொள்ளைநோய் பரவாமல் காத்தது அந்த அனுபவம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்து அமர்த்திய பிறகே இரவுப் பிரசவங்கள் அங்கே நடக்கத் தொடங்கின. ஒவ்வொரு தாய் மரணமும் ஏன் நடந்தது என்று மாவட்டத்தில் உட்கார்ந்து விசாரித்தார்கள். 2001–03இல் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய் மரணம் 2018–20இல் 54 ஆனது. இந்திய சராசரி அப்போது 97. இதற்காக வீடுவீடாக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கோ, இன்று பதிவேட்டுக்கும் கணினிப் பதிவுக்கும் போகும் நேரம் கர்ப்பிணியைப் பார்க்கும் நேரத்தைத் தின்கிறது. தேசிய சுகாதாரக் கொள்கை 2017இல் எல்லா மாநிலங்களும் இத்தகைய தனிப் பணிப்பிரிவை அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு அதற்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. அதைப் பின்பற்ற வரும் மாநிலங்கள் தமிழ்நாட்டின் பணிப்பிரிவைப் பார்க்கும்போது, துணை சுகாதார நிலையத்தில் அந்தச் செவிலியர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எழுதுகிறார், எத்தனை மணி நேரம் தாய்மாரைப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். தமிழ்நாடு அதை முதலில் எடுக்க வேண்டும்.